மௌனம் சம்மதமா?

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கலியாணப் பேச்சில் இந்த வாக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற விசாரணையில் நாம் இப்போது இறங்கப் போவதில்லை. அதைப் பெண்ணைப் பெற்றவர்களும் பெண்களும் தீர்த்துக் கொள்ளட்டும். ஆனால் பணம், கடல், கம்ப்யூட்டர் ஆகிய மூன்று விஷயங்களில் இந்தப் பழமொழியை நம்பியவர்கள் கெட்டே போனார்கள். 'மௌனம் மறுப்புக்கு அறிகுறி' என்று நேர் எதிராக நம்பியவர்களோ அதைவிடச் சீக்கிரமாகக் கெட்டார்கள். இவ்விடங்களில் மௌனம் என்பது 'ஆம்' என்பதும் அன்று, 'இல்லை' என்பதும் அன்று. அது மூன்றாவது விதமான ஒரு பதில். அந்த மூன்றாவது பதிலுக்கு என்ன செய்வது என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பிரயாணம் செய்கிறவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரையும், வரப்போரங்களில் குவிந்து கிடக்கும் வெண்மையான உப்பையும் காண்பார்கள். அந்த உப்பளங்களுக்கு அண்டையில், கடலை ஒட்டினாற்போல் எக்கியார்குப்பம் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. 2023-ம் வருஷம் மே மாதத்தில் விஷச் சாராயம் பல உயிர்களைக் கொள்ளை கொண்டபோதுதான் இவ்வூரின் பெயர் தேசமெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. நல்ல காரணத்துக்காக ஓர் ஊரின் பெயரைச் சொல்வதும் பத்திரிகைகளின் கடமையல்லவா? ஆகவே நமது உதாரணத்தை எக்கியார்குப்பத்திலேயே வைத்துக் கொள்வோம்.

நேயர் ஒருவர் அந்தக் கரையில் காரை நிறுத்தி, கூடையில் துள்ளும் சங்கரா மீனில் முந்நூறு ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். சில்லறை இல்லை. நோட்டும் இல்லை. மீன்காரம்மாளின் கூடைக்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் இட்ட அட்டை ஒன்று இருக்கிறது. கைபேசியை அதன் முன் காட்டி, இரகசிய எண்ணை அழுத்துகிறார். சக்கரம் சுழல்கிறது. சற்று நேரத்தில், அவருடைய வங்கியிலிருந்து முந்நூறு ரூபாய் பற்று எழுதப்பட்டதாகச் செய்தி வந்து விடுகிறது. ஆனால், பணம் வந்தால் 'இத்தனை ரூபாய் வந்தது' என்று உரக்கக் கூவ வேண்டிய சிறு பெட்டியோ வாயைத் திறக்கவில்லை.

"பணம் போயிடுச்சும்மா, பாருங்க!"

"எனக்கு இன்னும் சத்தம் வரலையே, சார்!"

இவ்விருவரில் யார் பொய் சொல்கிறார்கள்? இருவருமே இல்லை. இருவர் சொல்வதும் சத்தியம். ஆயினும் முந்நூறு ரூபாய் இவர் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. அது எங்கே போயிற்று?

*

இதை அறிய வேண்டுமானால், பணம் போகும் பாதையைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். 'யூபிஐ' என்று சிறு குழந்தைகளும் சொல்லும் இந்த ஏற்பாடு 2016-ம் வருஷம் ஏப்ரல் 11-ந் தேதி துவக்கி வைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் இரண்டாயிரம் கோடி முறைக்கு மேல் அதன் வழியாகப் பணம் கை மாறியிருக்கிறது. இதில் லட்சத்துக்கு ஒன்று கோணிப் போவதாக வைத்துக் கொண்டாலும், மாதம் ஒன்றுக்கு இரண்டு லட்சம் பேர் கூடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று விவாதம் செய்ய வேண்டியதுதான். எனவே விஷயம் அற்பமானதல்ல.

நேயருடைய கைபேசியிலிருந்து புறப்படும் கட்டளை நேராக மீன்காரம்மாளின் வங்கிக்குப் போவதில்லை. அது முதலில் இந்தியாவின் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்குப் போகிறது. இக்கழகம் ஒரு பெரிய தபாலாபீஸைப் போன்றது. பணத்தைத் தன்னிடம் வைத்துக் கொள்வதில்லை, கட்டளைகளை மாத்திரம் இங்கும் அங்கும் சேர்ப்பிக்கிறது. கழகம் நேயரின் வங்கிக்கு, 'இவர் கணக்கில் முந்நூறு ரூபாய் பற்று எழுது' என்று சொல்கிறது. 'எழுதி விட்டேன்' என்று பதில் வந்த பிறகு, மீன்காரம்மாளின் வங்கிக்கு, 'அந்த அம்மாள் கணக்கில் முந்நூறு ரூபாய் வரவு வை' என்று சொல்கிறது. 'வைத்து விட்டேன்' என்று பதில் வந்ததும் இரு தரப்புக்கும் சுபச் செய்தி போகிறது. பெட்டி கூவுகிறது. மீன் கைமாறுகிறது.

ஆக, ஒரு முந்நூறு ரூபாய்க்கு இரண்டு பேரேடுகள், இரண்டு கட்டளைகள், இரண்டு பதில்கள். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஸ்தாபனங்களின் கட்டடங்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் இவற்றை நடத்துகின்றன. ஒன்று விழித்திருக்கையில் மற்றொன்று மயங்கிக் கிடக்கலாம். நடுவிலுள்ள கம்பி அறுந்து போகலாம். இப்போது நேயர்கள் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

மீன்காரம்மாளின் வங்கிக்குக் கட்டளை போயிற்று, பதில் வரவில்லை. ஏன் வரவில்லை? கட்டளையே வழியில் தொலைந்து போயிருக்கலாம். அப்படியானால் வரவு வைக்கப்படவில்லை. அல்லது, கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, வரவும் வைக்கப்பட்டு, திரும்பி வந்த பதில் மாத்திரம் தொலைந்திருக்கலாம். அப்படியானால் பணம் சேர்ந்து விட்டது. இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கழகத்தின் ஸ்தானத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. இரண்டிலும் காண்பது மௌனம் ஒன்றே.

'பதில் இல்லை, ஆகவே நடக்கவில்லை' என்று தீர்மானித்து மறுபடியும் வரவு வைக்கச் சொன்னால், மீன்காரம்மாளுக்கு அறுநூறு ரூபாய் போய்ச் சேரக் கூடும். அதே தீர்மானத்தின் பேரில் நேயருக்குப் பணத்தைத் திருப்பி விட்டால், மீனும் அவருக்கே, பணமும் அவருக்கே என்று ஆகலாம். 'பதில் இல்லை, ஆனாலும் நடந்திருக்கும்' என்று சும்மா இருந்து விட்டால், மீன்காரம்மாள் வெறும் கூடையுடன் வீடு திரும்ப நேரும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாராவது ஒருவர் தலையில் கல் விழுகிறது.

*

"இதற்கென்ன பிரமாதம்? பதில் சேர்ந்ததா என்பதற்கு ஒரு ரசீது வாங்கிக் கொண்டால் போயிற்று!" என்று சில நேயர்கள் சொல்லக் கூடும். அந்தக் காலத்து மணியார்டரை அவர்கள் நினைத்துக் கொள்கிறார்கள். 1880-ம் வருஷத்தில் நம் நாட்டுத் தபாலாபீஸில் தோன்றிய அந்த ஏற்பாட்டில், கிராமத்திலிருக்கும் தாயார் கையொப்பமிட்ட துண்டுச் சீட்டு பட்டணத்துப் பிள்ளைக்குத் திரும்பி வரும். அதைக் கண்டு பிள்ளை நிம்மதி அடைவான். சீட்டு வராவிட்டாலோ? பணம் சேரவில்லையா, சீட்டு மாத்திரம் தவறிப் போயிற்றா என்று அவன் தூக்கமின்றித் தவிப்பான். ரசீது சேர்ந்ததற்கு ஒரு ரசீது, அந்த ரசீது சேர்ந்ததற்கு மற்றொரு ரசீது என்று போய்க் கொண்டே இருந்தாலும், கடைசியாக அனுப்பியது சேர்ந்ததா என்ற சந்தேகம் மட்டும் ஒருநாளும் தீராது.

இது வெறும் விதண்டாவாதம் அன்று. கணித ரீதியாகவே நிரூபிக்கப்பட்ட உண்மை. 1975-ம் வருஷத்தில் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்னும் மூன்று அறிஞர்கள் எழுதிய கட்டுரையில் இது வெளிப்பட்டது. 1978-ல் ஜிம் கிரே என்ற அமெரிக்க நிபுணர் இதற்கு 'இரு தளபதிகள்' என்ற பெயரைச் சூட்டினார். இரண்டு குன்றுகளின்மேல் இரண்டு தளபதிகள். நடுப் பள்ளத்தாக்கில் பகைவர்கள். இருவரும் ஒரே சமயத்தில் தாக்கினால் ஜயம். ஒருவர் மாத்திரம் தாக்கினால் நாசம். தூதர்கள் பள்ளத்தாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். வழியில் பிடிபடக் கூடும். இந்நிலையில் எத்தனை தூதர்களை அனுப்பினாலும், 'அவரும் நிச்சயமாகத் தாக்குவார்' என்ற உறுதி இருவருக்கும் ஏற்படவே ஏற்படாது.

அப்படியானால் தூரத்திலிருக்கும் இருவர் சேர்ந்து ஒரு காரியமும் செய்ய முடியாதா? முடியும். தினந்தோறும் கோடிக்கணக்கில் நடந்து கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பூரண நிச்சயம் கிடைக்கும் என்ற பேராசையை விட்டு விட்டு, நிச்சயமின்மை வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

*

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் இத்தகைய சங்கடத்துக்கு 'எக்ஸெப்ஷன்', அதாவது விதிவிலக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் இது எளிதான விஷயம். அடுப்பங்கரையிலிருந்து அம்மா, "உக்கிராண அறையிலிருந்து சர்க்கரை கொண்டு வா" என்று குழந்தையை அனுப்புகிறாள். குழந்தை திரும்பி வந்து, "டப்பா காலி, அம்மா" என்று சொல்கிறது. எதிர்பார்த்த பொருள் வரவில்லை. ஆனால் செய்தி வந்து விட்டது. அம்மா அதற்குத் தக்கபடி வெல்லத்தைப் போட்டுக் கொள்கிறாள். விதிவிலக்கு நேர்ந்தது, சமாளித்தாயிற்று.

வெளியூருக்கு அனுப்பிய ஆள் விஷயம் அப்படியல்ல. அவன் திரும்பி வரவே இல்லை என்றால், சர்க்கரை கிடைத்ததா, கிடைக்கவில்லையா, பஸ் தவறியதா, வேறு ஏதாவது ஆபத்தா, ஒன்றும் தெரியாது. ஒரே வீட்டுக்குள் எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது எல்லாம் சேர்ந்து நிற்கும். தூர தேசத்து விவகாரத்திலோ பாதி நிற்கும், பாதி நடக்கும். 1994-ல் அமெரிக்காவின் ஸன் கம்பெனி ஆராய்ச்சியாளர்களான வால்டோ முதலிய நால்வர் எழுதிய கட்டுரை இதைத்தான் ஆணித்தரமாக வற்புறுத்தியது. பக்கத்து அறையுடன் பேசுவதும் பக்கத்து ஊருடன் பேசுவதும் ஒன்றே என்று பாவித்து நிரல் எழுதுகிறவர்கள் பின்னால் வருந்த நேரும் என்பது அதன் சாரம்.

அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1984-ல், பிரெல், நெல்சன் என்னும் இருவர் வேறு கம்ப்யூட்டரிடம் வேலை ஏவும் முறையைப் பற்றி எழுதிய கட்டுரையும் பிரசித்தமானது. அதில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி நாணயத்துக்கு இலக்கணம் என்று நாம் சொல்லுவோம். பதில் வந்தால், வேலை சரியாக ஒரு முறை நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். விதிவிலக்கு வந்தால், அது ஒரு முறை நடந்திருக்கலாம், அல்லது நடக்காமலே இருந்திருக்கலாம். எது என்று சொல்ல மாட்டோம் என்றார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு துணிவு வேண்டும். மாஸச்சூஸெட்ஸில் பார்பரா லிஸ்கோவ் என்னும் பெண்மணியும் அவர் தோழர்களும் வகுத்த 'ஆர்கஸ்' என்ற கம்ப்யூட்டர் மொழி இன்னும் ஒரு படி மேலே சென்று, சங்கடத்தை இரண்டாகப் பிரித்தது: 'இப்போது கிட்டவில்லை, பிறகு முயன்றால் ஆகலாம்' என்பது ஒன்று; 'இனி எப்போதும் ஆகாது' என்பது மற்றொன்று. கடன் கேட்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டின் வித்தியாசம் நன்றாகத் தெரியும். லிஸ்கோவ் அம்மைக்கு 2008-ம் ஆண்டின் டூரிங் பரிசு அளிக்கப்பட்டது.

*

இவ்வளவு பெரியவர்கள் கண்டு சொன்னவற்றைத் திரட்டிப் பார்த்தால் நான்கு விதிகள் கிடைக்கின்றன. நமது வீட்டு விவகாரங்களுக்கும் அவை பொருந்துமாதலால், ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, காத்திருப்பதற்கு ஓர் எல்லை வேண்டும். பதில் வரும் வரும் என்று யுகக் கணக்கில் உட்கார்ந்திருந்தால் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? யூபிஐயில் பணக் கட்டளைக்குப் பதில் வர முப்பது வினாடி வரை பொறுத்திருந்தார்கள். 2025 ஜூன் 16-ந் தேதி முதல் அதைப் பதினைந்து வினாடியாகக் குறைத்தார்கள். எல்லையைக் கடந்ததும் 'தெரியவில்லை' என்ற முடிவுக்கு வந்து அடுத்த காரியத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே கட்டளை இரண்டு முறை போய்ச் சேர்ந்தாலும் காரியம் ஒரு முறைதான் நடக்க வேண்டும். "கதவைச் சாத்து" என்று இரண்டு தடவை சொன்னால் மோசமில்லை. சாத்திய கதவு சாத்தியபடியே இருக்கும். "சாம்பாரில் உப்புப் போடு" என்று மாமியார் ஒரு தடவையும் நாத்தனார் ஒரு தடவையும் சொல்ல, மருமகள் இரண்டு தடவையும் கீழ்ப்படிந்தால், அன்றைய சாப்பாடு மரக்காணத்து உப்பளத்துக்கே பெருமை தருவதாக அமையும். பணம் வரவு வைப்பது கதவு ஜாதி அல்ல, உப்பு ஜாதி. ஆகையால் ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். அதே எண்ணுடன் மறுபடியும் கட்டளை வந்தால், 'இதற்கு முன்னமே வரவு வைத்தாயிற்று' என்று பதில் சொல்ல வேண்டுமே அல்லாது மீண்டும் வைக்கக் கூடாது. நேயர்களின் கைபேசியில் ஒவ்வொரு பணப்பட்டுவாடாவுக்கும் காணப்படும் பன்னிரண்டு இலக்க எண் வெறும் அலங்காரம் அன்று. முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஜன்ம நட்சத்திரம் உண்டானால் அது அந்த எண்தான்.

மூன்றாவது, சந்தேகம் வந்தால் விசாரிக்கலாம். ஆனால் நச்சரிக்கக் கூடாது. இந்த விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதை நம் தேசம் 2025-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி கண்கூடாகக் கண்டது. அன்று யூபிஐ தடுமாறி, கடைத்தெருவெங்கும் ஜனங்கள் கைபேசியை ஏந்தியபடி விழித்து நின்றார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது, 'அந்தப் பட்டுவாடா என்ன ஆயிற்று?' என்ற விசாரணைக் கட்டளைகள் வெள்ளமாக வந்து குவிந்தது தெரிய வந்தது. சில வங்கிகள் பழைய விவகாரங்களைக்கூட மறுபடி மறுபடி விசாரித்துக் கொண்டிருந்தனவாம். கலியாண வீட்டில் பந்திக்கு ஏன் தாமதம் என்று நூறு பேர் சமையற்காரரிடம் நேரில் போய்க் கேட்டால் பந்தி எப்போது ஆரம்பமாகும்? அதன் பிறகு கழகம், ஒரு பட்டுவாடாவைப் பற்றி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் விசாரிக்கக் கூடாது என்று வங்கிகளுக்குக் கட்டுப்பாடு செய்தது.

நான்காவது, அவசரத்தில் தீராததை நிதானத்தில் தீர்க்க ஒரு வழி இருக்க வேண்டும். பற்று எழுதும் வங்கியிடமிருந்து பதில் இல்லையென்றால், 'எழுதியிருந்தால் அதை ரத்துச் செய்' என்று கட்டளை போகிறது. வரவு வைக்கும் வங்கியிடமிருந்து பதில் இல்லையென்றால், நடந்ததாகவே பாவித்துக் கொண்டு, பேரேடுகளை ஒத்துப் பார்க்கும் பொறுப்பை அந்த வங்கியின் மேல் சுமத்துகிறார்கள். 'வரவு வைத்து விட்டோம்' என்றோ, 'திருப்பி அனுப்பி விட்டோம்' என்றோ அது அறிவித்தாக வேண்டும். செட்டியார் கடையில் இராத்திரி கடையடைத்த பிறகு ஐந்தொகை பார்ப்பார்களே, அதே காரியந்தான். பகலில் எத்தனை சங்கடம் நேர்ந்தாலும் இராத்திரிக் கணக்கு சரியாக வர வேண்டும்.

*

'இரு தளபதிகள்' என்று பெயரிட்ட ஜிம் கிரே 1998-ல் டூரிங் பரிசு பெற்றவர். 2007-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி, தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக, ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தன்னந்தனியாகப் புறப்பட்டார். திரும்பவில்லை. அபாயச் செய்தி ஒன்றும் வரவில்லை. நண்பர்கள் விண்கலங்கள் எடுத்த படங்களைக்கூடச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். படகின் ஒரு துண்டும் அகப்படவில்லை. 2012-ல் சட்டப்படி அவர் இறந்தவராகக் கருதப்பட்டார். பதில் வராத செய்தியைப் பற்றி உலகத்துக்குப் போதித்தவரைப் பற்றியே கடைசி வரையில் ஒரு பதிலும் வரவில்லை.

இந்தத் துக்கம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. எக்கியார்குப்பத்திலும் அதைப் போன்ற எண்ணற்ற குப்பங்களிலும், படகு வரத் தாமதமானால் கரையில் நிற்கும் பெண்டிரின் மனம் படும் பாட்டை அறியாதவர் யார்? கடலின் மௌனத்துக்கு முன்னால் வங்கியின் மௌனம் எம்மாத்திரம்! 2017 நவம்பர் கடைசியில் 'ஒக்கி' புயல் எழுந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் அதற்கு முன்னரே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் விடுக்கப்பட்ட எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், அல்லது காணாமற் போனார்கள். 'அனுப்பியாயிற்று' என்பது வேறு, 'சேர்ந்தது' என்பது வேறு என்ற பாடத்தை இவ்வளவு கொடிய விலை கொடுத்தா கற்க வேண்டும்!

எதிர்த் திசையிலும் இதே சங்கடம் உண்டு. நமது இஸ்ரோ ஸ்தாபனத்தார் படகுகளுக்கென்று அபாய அறிவிப்புக் கருவி ஒன்றைச் செய்தளித்தார்கள். 2010-ம் வருஷம் முதல் அது வழக்கத்தில் இருந்து வருகிறது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள் உபயோகத்துக்கு வந்தன. ஆபத்து நேர்ந்தால் மீனவர் பொத்தானை அழுத்துவார். செய்தி விண்கலத்துக்குப் போய், அங்கிருந்து தரை நிலையத்துக்கு வந்து, கடலோரக் காவற்படையின் மீட்பு நிலையத்துக்குச் சேரும். மிக நல்ல கருவி. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பொத்தானை அழுத்தியவருக்குப் பதில் கிடையாது. தண்ணீர் ஏறிக் கொண்டிருக்கும் படகில் உட்கார்ந்து கொண்டு, தம் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்று தெரியாமல் அவர் தவிக்க வேண்டும். படகைப் பற்றிக் கொண்டு காத்திருப்பதா, மிதவையைக் கட்டிக் கொண்டு குதிப்பதா? மௌனத்தை வைத்துக் கொண்டு எப்படித் தீர்மானிப்பது?

2024 ஜனவரியில் இஸ்ரோ அந்தக் கருவியின் இரண்டாவது தலைமுறையை உபயோகத்துக்குக் கொண்டு வந்தது. அதில், 'உங்கள் அபயக் குரல் கிடைத்தது' என்ற பதில் மீனவருக்குத் திரும்பி வருகிறது. புயலெச்சரிக்கை போன்ற செய்திகளையும் கரையிலிருந்து படகுக்கு அனுப்பலாம். பார்த்தால் சிறு மாறுதல். ஆனால் நடுக்கடலில் இருப்பவனுக்கு, யாரோ கேட்டு விட்டார்கள் என்று தெரிவதே பாதி உயிர் திரும்பி வந்ததற்குச் சமானம். தளபதிகளின் சந்தேகம் இங்கேயும் முழுக்கத் தீர்ந்து விடவில்லை. பதிலும் தவறிப் போகலாம். எனினும் ஒன்றுமே தெரியாமலிருப்பதற்கும் பெரும்பாலும் தெரிந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மனிதர்கள் உயிர் வாழ்கிறார்கள்.

*

இனி, பணத்தின் விஷயத்தில் நியாயம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். யந்திரங்களுக்குள் மௌனம் ஏற்பட்டால் அதன் கஷ்டத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு யந்திரம் பதில் சொல்லாது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ந் தேதி ஒரு சுற்றறிக்கை மூலம் பதில் சொல்லியது. யூபிஐயில் ஒருவர் கணக்கில் பற்று எழுதி, மற்றவர் கணக்கில் வரவு வைக்க முடியாமற் போனால், மறுநாளைக்குள் தானாகவே பணம் திரும்பி விட வேண்டும். வியாபாரிக்குக் கட்டிய பணமாயிருந்து, அவருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராவிட்டால், ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். பணம் எடுக்கும் யந்திரத்தில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் குறைந்தாலும் ஐந்து நாள் கெடு. கெடு தவறினால் நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் வீதம் வங்கி நஷ்டஈடு தர வேண்டும்; அதுவும் வாடிக்கைக்காரர் புகார் செய்யும் வரை காத்திராமல் தானாகவே தர வேண்டும். 2019 அக்டோபர் 15 முதல் இது அமுலுக்கு வந்தது.

இது நல்ல விதி என்பதில் ஐயமில்லை. நிச்சயமின்மைக்கு ஒரு கெடுவும், அந்தக் கெடுவுக்கு ஒரு விலையும் வைத்தது. 'தெரியவில்லை' என்று சொல்லி விட்டு வங்கி கையைக் கட்டிக் கொண்டிருக்க இடம் கொடுக்கவில்லை. ஆனால் இந்த விதியின் கண் பெரும்பாலும் பணம் கட்டியவரின் பக்கமே பார்க்கிறது. பணம் திரும்பி வருவதும் அவருக்கே. கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாளின் நிலைமை என்ன? "நல்லவங்களாத்தான் தெரியறாங்க" என்று நம்பி மீனைக் கொடுத்து அனுப்பி விட்டாள். ஐந்தாம் நாள் முந்நூறு ரூபாய் திரும்பி வருவது காரில் வந்தவரின் கணக்குக்கு. அவர் அதற்குள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். அந்தச் செய்தியைப் படித்தும் பார்க்காமல் தள்ளி விட்டிருப்பார். யந்திரங்களின் கணக்கு ஒரு சல்லி பிசகாமல் நேராகி விட்டது. மீன்காரம்மாளின் கணக்கு மட்டும் நேராகவில்லை. அந்த முந்நூறில் அவளுக்கு லாபம் எவ்வளவு இருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

வங்கிகளும் கழகமும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து நான்கு விதிகள் எழுதலாம். ஐந்தாவது விதி மனிதர்களுடையது. பணம் திரும்பி வந்தால் அது லாபம் அன்று, கடன். மீனைத் தின்றாயிற்று, பணமும் வந்து விட்டது என்றால், யந்திரம் நமக்குச் சலுகை செய்து விட்டதாக அர்த்தமில்லை. யந்திரத்தால் முடிக்க முடியாத வேலையை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். விதிவிலக்கு வெகு தூரம் பிரயாணம் செய்து, எந்தக் கம்ப்யூட்டரும் பிடித்து நிறுத்தாமல், கடைசியில் ஒரு மனிதனுடைய மனச்சாட்சியின் வாசலில் வந்து நிற்கிறது.

ஆகையால் குடும்பங்களுக்கு நாம் சொல்லும் யோசனை இதுதான். பட்டுவாடா பாதியில் நின்றால் உடனே இரண்டாம் முறை அனுப்பி விடாதீர்கள். புது முயற்சி புது எண்ணுடன் போகும், ஆகவே இரண்டும் செல்லுபடியாகக் கூடும். இரண்டொரு நிமிஷம் பொறுத்து நிலைமையைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்க எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் புகாருக்கும் அதுவே ஆதாரம். கெடு கடந்தும் பணம் திரும்பாவிட்டால் உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறை தீர்க்கும் அதிகாரி இருக்கிறார். தெரியாத ஊரில், தெரியாத எளியவரிடம் பொருள் வாங்கி, அவர் பெட்டி பேசாமலிருந்தால், கையில் ரொக்கம் இருக்குமானால் அதைக் கொடுத்து விடுங்கள். உங்கள் முந்நூறு ரூபாய்க்குக் காவலாக ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. அவருடைய முந்நூறு ரூபாய்க்கு அது இல்லை. ரொக்கம் இல்லையென்றால் அவருடைய டெலிபோன் எண்ணைக் குறித்துக் கொண்டு புறப்படுங்கள். வீட்டுக்குப் போனதும், "பணம் வந்ததா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "வந்திடுச்சு, சார்" என்று பதில் வந்த பிறகே கணக்கை மூடுங்கள்.